இரண்டு ஆமைக்குட்டிகள்: ஒரே தொட்டியா, தனித்தனித் தொட்டியா?

கையில் இரண்டு நில ஆமைக்குட்டிகள் இருக்கின்றன, அல்லது இருக்கிற ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். ஒன்றாக விடலாமா? வேண்டாம். இரண்டு என்பதுதான் இருப்பதிலேயே மோசமான எண்ணிக்கை.

தனியாக இருந்தால் ஏங்கிப்போகாதா என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான இனங்களில் தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. குட்டிகளும் வெளியே வந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஆகவே பக்கத்தில் இன்னொரு ஆமை இருப்பது அதற்கு ஆறுதல் இல்லை, சாப்பாட்டுக்கும் சூட்டுக்கும் நல்ல மூலைக்கும் போட்டி. வெளியே என்றால் பிடிக்காதபோது விலகி நடந்துவிடலாம், நான்கடி தொட்டிக்குள் எங்கே போவது? நிறைய ஆமைகள் பெரிய இடத்தில் இருந்தால் ஒன்று மற்றதை விரட்டி அடக்குகிற இந்த அதட்டல் பலர் மேல் பிரிந்துபோகும். இரண்டே என்றால் முழுவதும் ஒன்றின் தலையில்தான் விழும், அதுவும் நாள் முழுக்க.

சிக்கல் என்னவென்றால் ஆமைச் சண்டை பெரும்பாலும் சண்டை மாதிரியே தெரியாது. கடிப்பதும் ஓட்டால் முட்டுவதும் கண்ணில் படும், சரி. ஆனால் ஒன்று எங்கே போனாலும் மற்றது பின்னாலேயே போவது, அது உட்கார்ந்த இடத்தில் போய் ஏறிக்கொள்வது, தட்டின் குறுக்கே படுத்துக்கொள்வது, இதெல்லாமும் அதட்டல்தான். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கினால் 'என்ன பாசம் பாருங்கள்' என்று படம் எடுக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் அதே மூலைதான் வேண்டும், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடங்கிப்போகிற குட்டி சத்தம் போடாது. தாமதமாக வெளியே வரும், சூடு விளக்கின் அடியில் கொஞ்ச நேரமே இருக்கும், சாப்பாட்டை ஓரமாகக் கடித்துவிட்டுப் போய் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். போதுமான சூடு இல்லாவிட்டால் தின்றதும் சரியாகச் செரிக்காது, அடங்கிக் கிடக்கும் மன அழுத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறையும், குடல் புழுக்கள் பெருகும். ஒரே நாளில் பொரித்த குட்டிகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால் 'அது இயல்பாகவே சின்னது' என்று விட்டுவிடாதீர்கள்.

இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், எடை போடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும் (சில இனங்களில் பொரித்த குட்டி 20 கிராம்கூட இருக்காது, அதனால் கிலோ தராசு உதவாது). வாரம் ஒருமுறை, ஒரே நாளில், குளிப்பாட்டுவதற்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்று ஏறிக்கொண்டே போய் மற்றது அப்படியே நின்றால், இன்னும் சில வாரம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

'இத்தனை மாதமாக ஒன்றும் ஆகவில்லையே' என்பவர்களுக்கு: இன்னும் வயதுக்கு வரவில்லை, அதுதான் காரணமாக இருக்கும். குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஓடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாண்டி, வால் நீளமும் அடிவயிற்று ஓட்டின் குழிவும் தெரிந்த பிறகே ஓரளவு சொல்லலாம். ஆகவே குட்டிகளைக் காட்டி 'ஜோடி' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். இரண்டும் ஆண் என்றால் பின்னாளில் மோதிக்கொள்ளும், ஒன்று ஆண் ஒன்று பெண் என்றால் ஆண் விடாமல் துரத்திப் பெண்ணின் கால்களைக் கடிக்கும். இரண்டு பெண்களுக்கு இடையில்கூட இட உரிமைத் தகராறு வருவதுண்டு.

வெவ்வேறு இனம் என்றால் பேச்சே இல்லை, தனித்தனிதான். ஓர் இனம் அறிகுறி எதுவும் காட்டாமல் சுமக்கிற ஹெர்பெஸ் வைரஸ் இன்னொரு இனத்தைக் கொன்றுவிடலாம். மூக்கொழுகலை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆமையிடமிருந்தே பரவக்கூடும். அதே இனமாக இருந்தாலும் புதிதாக வந்ததைச் சில மாதங்களாவது வேறு அறையில் வையுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. பழையதைக் கவனித்துவிட்டு அப்புறம் புதியதிடம் போங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள் (ஆமையிடமிருந்து சால்மோனெல்லா என்ற பாக்டீரியா நமக்கும் வரும்), மலத்தைக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

இனி பிரிப்பது எப்படி. தொட்டி பெரிதாக இருந்தால் நடுவில் பலகை வைத்தால் போதும், ஆனால் ஒளி ஊடுருவாத பலகையாக இருக்க வேண்டும். கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக்கோ வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நாள் முழுக்கத் தடுப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும். ஏறித் தாண்ட முடியாத உயரம் வேண்டும், மண்ணுக்கு அடியிலும் இறங்கியிருக்க வேண்டும், தோண்டுவதில் இவை கெட்டிக்காரர்கள். இரு பக்கமும் தனித்தனியாகச் சூடு விளக்கு, தண்ணீர்த் தட்டு, பதுங்கும் இடம். யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு நீளமான குழலாக இருந்தால் தடுப்புக்கு மேலே குறுக்காக மாட்டி ஒன்றையே இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். இடையில் கண்ணாடி வரக் கூடாது, அது யூவிபியைத் தடுத்துவிடும்.

பாதியாக்கிய தொட்டியில் பலரும் கவனிக்காதது வெப்பநிலை. விளக்கடியில் 35 டிகிரியை ஒட்டியும் மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டியும் இருந்தால்தான் குட்டி தனக்குத் தேவையானதைத் தேர்ந்தெடுக்கும். இடம் குறுகிவிட்டால் முழுவதும் சூடாகிவிடும், ஒதுங்க இடமிருக்காது. இரண்டு முனையிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கிடைக்கவில்லை என்றால் பலகையை எடுத்துவிட்டு இரண்டாவது தொட்டி வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் ஊறவிடும்போதும் ஆளுக்கொரு பாத்திரம். ஒன்றின் கழிவை மற்றது குடிக்க வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டும் சேர்த்துத்தான் வைப்பேன் என்றால், ஒரே இனம், ஒரே அளவு, ஒரே இடத்திலிருந்து வந்தவை என்ற நிலையில் மட்டும் செய்யுங்கள். தொட்டி நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கட்டும், சூடு காயும் இடமும் சாப்பாட்டுத் தட்டும் இரண்டிரண்டு, எதிரெதிர் முனைகளில், நடுவில் கட்டையும் செடியும் வைத்துப் பார்வையை மறையுங்கள். கூடவே காலியான இரண்டாவது தொட்டியை முதல் நாளே தயாராக வைத்திருங்கள். பிரித்தபின் மறுபடி சேர்த்துப் பார்க்கிற சோதனை வேண்டாம்.

பிரித்ததும் அடங்கியிருந்த குட்டி சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும். அப்படியும் எடை ஏறவில்லை என்றாலோ, மூக்கில் குமிழ், வீங்கிய கண், வாயைத் திறந்து மூச்சு விடுவது போன்றவை தெரிந்தாலோ, ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் எழுதி வைத்த எடைக் கணக்கோடு கொண்டுபோங்கள்.