சஃபாரிக்குப் பத்து நாள் இருக்கும்போது நாம் செய்யும் கோளாறுகள்

முதல் தடவை கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் செய்கிற பெரிய தவறு, முதல் வேலையாகக் கடைக்கு ஓடுவதுதான். காக்கி பேன்ட், பத்துப் பன்னிரண்டு பாக்கெட் வைத்த ஜாக்கெட், தொப்பி என்று வாங்கித் தள்ளுவோம். மறந்துபோன தொப்பியை நைரோபியில் இறங்கிக்கூட வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நாள் கணக்குக் கேட்கிற காரியங்களை அங்கே எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கொசு பரப்புகிற மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி அப்படி ஒன்று. "இந்தியாவிலிருந்து நேராகப் போனால் கென்யாவில் கேட்கவே மாட்டார்களே" என்பார்கள். சரிதான், கேட்பது நம் ஊர் விமான நிலையத்தில், திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் அதுவே போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், ஆனால் நினைத்த அன்றைக்கே போய்க் கையை நீட்டிவிட்டு வரலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். 60 வயதைத் தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றாலோ, யாருக்காவது முட்டை ஒத்துக்கொள்ளாது என்றாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். அதே மூச்சில் மலேரியா மாத்திரையையும் கேட்டுவிடுங்கள், சில வகைகளைக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும், சிலவற்றை வாரக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டும், ஊர் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் விழுங்க வேண்டியிருக்கும்.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. விசாவுக்குப் பதில் இடிஏ என்ற இணைய அனுமதி வந்திருக்கிறது, அது கைக்கு வர மூன்று நாளாவது விட வேண்டும்.

பெட்டி விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். நைரோபியில் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறப்பவை குட்டி விமானங்கள், கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் அமுக்கினால் அமுங்குகிற துணிப் பையாக இருக்க வேண்டும். நான் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேன், முள் 19-ஐத் தொட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், ஊறுகாய் பாட்டிலையும் மூன்று ஜீன்ஸையும் வெளியே எடுத்து வைத்ததை என் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்புறம் நம் பிளாஸ்டிக் கவர் பழக்கம். துணிக்கு ஒரு கவர், முறுக்குக்கு ஒரு கவர், செருப்புக்கு இன்னொன்று. கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, அபராதமும் கடுமை. தூக்கியெறிகிற தண்ணீர் பாட்டிலைக்கூடப் பூங்காக்களுக்குள் 2020 முதல் விடுவதில்லை. பேசாமல் மஞ்சப்பையை எடுத்துப் போங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று பருத்திச் சட்டைகளாக அடுக்காதீர்கள். மாரா இருப்பது கடல்மட்டத்துக்கு 1500 மீட்டர் மேலே. காலை ஆறு மணிக்கு, கூரை திறந்த வண்டியில் காற்று முகத்தில் அறையும்போது ஸ்வெட்டர் இல்லாதவர் சிங்கத்தைப் பார்க்க மாட்டார், கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து தான்சானியாவில் செரெங்கெட்டி பூங்காவுக்கும் போகிறீர்களா? கருநீலமும் கறுப்பும் வேண்டாம், ரத்தம் குடிக்கிற செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர். அதைப் பிடிக்கிற பொறிகளையே நீலமும் கறுப்புமான துணியில்தான் தைக்கிறார்கள்.

புது கேமராவை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய் அங்கே பிரிக்கிறவர்களை என்ன சொல்வது! ஒரு வாரம் தெரு நாயையும் காக்கையையும் எடுத்துப் பழகுங்கள். கேமராவை நிறுத்துகிற முக்காலி ஸ்டாண்ட் வேண்டாம், வண்டியில் அதற்கு இடமில்லை. ஒரு வெற்றுத் துணிப்பையைத் தைத்து எடுத்துப்போய், தங்குகிற இடத்தில் அரிசியோ பயறோ கேட்டு நிரப்பி, கூரை விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் ஆடாது.

பைனாகுலர் மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும், 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். நாங்கள் நான்கு பேர் ஒன்றோடு போனோம். மரத்திலிருந்த சிறுத்தையை முதல் ஆள் பார்த்தார், இரண்டாவது ஆள் ஃபோகஸ் திருப்பினார், மூன்றாவதாக என் கைக்கு வந்தபோது கிளையில் வால் நுனி தெரிந்தது, நான்காவது ஆள் மரத்தைப் பார்த்தார்.