ரத்ததான முகாமிலிருந்து ஒரு செய்தி: மாணவர்களுக்கு வளாக இதழியலைக் கற்பிக்கும் முறை

கல்லூரியில் மாணவர் இதழ் தொடங்குவது என்று முடிவானவுடன், அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரிடம் வந்து சேர்கிறது. ஆர்வத்துடன் பெயர் கொடுக்கும் மாணவர்களில் பலர் கட்டுரைப் போட்டியிலும் கவியரங்கத்திலும் பரிசு பெற்றவர்களாகவே இருப்பார்கள். ஆகவே அவர்களுக்கு மொழி ஒரு தடையன்று. தாம் அறியாத ஒன்றை நேரில் சென்று கேட்டு அறிந்துவரும் பழக்கம்தான் அவர்களிடம் இல்லை. முதல் சில வகுப்புகளில் எழுத்தைத் தள்ளிவைத்துக் கேள்வியைக் கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு. இந்த விளக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு எடுத்துக்காட்டுத் தராமல், பல கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கும் ரத்ததான முகாம் ஒன்றையே தொடக்கம் முதல் இறுதிவரை எடுத்துக்கொள்கிறேன். இதில் வரும் வருகை எண்ணிக்கைகள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. மருத்துவ அளவுகளும் சட்டங்களும் உண்மையானவை.

படி 1: அழைப்பிதழ் நடையை அடையாளம் காட்டுங்கள்

முகாம் முடிந்த மறுநாள் ஒரு செய்தி எழுதிவரச் சொன்னால், பத்தில் ஒன்பது மாணவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் எழுதி வருவார்கள்:

“எமது கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் மாபெரும் ரத்ததான முகாம் மிகச் சிறப்பாக நடைபெற்றது. முதல்வர் அவர்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்கள். மாணவ மாணவியர் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். திட்ட அலுவலர் அவர்கள் நன்றி கூற, விழா இனிதே நிறைவுற்றது.”

இதைக் கரும்பலகையில் எழுதி, முகாம் நடப்பதற்கு முந்தைய நாளே எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்கள் எவை என்று கேளுங்கள். நான்கு வாக்கியங்களையும் அப்படியே எழுதியிருக்கலாம் என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள். முகாமுக்குப் போனவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. போகாதவருக்கோ அங்கே என்ன நடந்தது என்பது இதைப் படித்த பின்பும் தெரியாது. “மாபெரும்”, “பெருந்திரளாக”, “இனிதே” ஆகிய சொற்கள், எண்ணிப் பார்க்காதவர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கும் சொற்கள் என்று சொல்லிவையுங்கள். இந்தப் படிக்கு ஒரு வகுப்பு போதும்.

படி 2: பார்க்க அனுப்புங்கள்

அடுத்த முகாமுக்கோ, முகாம் இல்லையென்றால் உணவகத்துக்கோ நூலகத்துக்கோ, மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். முதல் அரை மணி நேரம் யாரிடமும் பேசக் கூடாது. குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தாம் கண்ணால் கண்டதையும், பின்னர் வலப்பக்கத்தில் பிறர் சொல்லக் கேட்டதையும் எழுத வேண்டும். கண்டதும் கேட்டதும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால், இரண்டு நாள் கழித்து எழுத உட்காரும்போது எது யாருடைய கூற்று என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

மேடைக்கு எதிரே நிற்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முகாமில் செய்தி பிறக்கும் இடம் பெரும்பாலும் பரிசோதனை மேசை. பல முகாம்களில் காப்பர் சல்பேட் என்னும் மயில்துத்தத்தின் நீலக் கரைசலை ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் வைத்திருப்பார்கள். கொடையாளரின் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை அதற்குள் விடுவார்கள். துளி நேரே அடியில் சென்று படிந்தால் ஹீமோகுளோபின் போதிய அளவில் இருக்கிறது. மேலேயே தயங்கி நின்றாலோ மிதந்தாலோ, அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மேசையருகே அரை மணி நேரம் நிற்கும் மாணவர், துளி மிதந்தவர்களில் மாணவிகளே அதிகமாக இருக்கிறார்களே என்பதைக் கவனிக்கக்கூடும். கவனித்துவிட்டால் அவர் கையில் செய்தியின் நுனி கிடைத்துவிட்டது.

படி 3: கேட்கக் கற்றுக்கொடுங்கள்

நம் மாணவர்கள் ஆசிரியரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணி வளர்ந்தவர்கள் என்பதால், இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தொடக்க வாக்கியத்தை மனப்பாடமாகவே கொடுத்துவிடலாம்: “ஐயா, நான் மாணவர் இதழுக்காக வந்திருக்கிறேன். முகாம் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியுமா? நீங்கள் சொல்வதை உங்கள் பெயருடன் வெளியிடுவோம்.” இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. தாம் பேசுவது அச்சில் வரும் என்று அறியாமல் ஒருவர் சொன்னதை வெளியிடுவது, ஒட்டுக்கேட்டதை வெளியிடுவதற்குச் சமம். கைப்பேசியில் பதிவு செய்வதென்றால் அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

வகுப்பில் நீங்களே திட்ட அலுவலராக நடித்து, மாணவர்களைப் பேட்டி எடுக்கச் செய்யுங்கள். “முகாம் எப்படி நடந்தது?” என்று ஒருவர் கேட்டால், “மிகச் சிறப்பாக நடந்தது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்குத் தகுந்த விடைதான் கிடைக்கும் என்பது அப்போது அவர்களுக்கே உறைக்கும். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள், மீதிப் பேர் ஏன் கொடுக்கவில்லை, அந்தக் காரணங்களை யார் குறித்து வைத்திருக்கிறார்கள், சென்ற ஆண்டு நிலைமை என்ன என்று அவர்கள் படிப்படியாக இறங்கிவர வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு கேள்விகளில் முதல் நான்குக்கும் அறிவிப்புப் பலகையிலேயே விடை இருக்கும். செய்தியாளர் நேரில் போக வேண்டியது பின்னிரண்டுக்காகத்தான்.

திட்ட அலுவலரோடு நிறுத்திவிடாமல், ரத்த வங்கி மருத்துவரிடமும் திருப்பி அனுப்பப்பட்ட மாணவியர் சிலரிடமும் பேசிவரச் சொல்லுங்கள்.

படி 4: சரிபார்க்கும் பயிற்சி

மாணவர்கள் இவ்வாறு தகவல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கொள்வோம்: வந்தவர்கள் 112 பேர், கொடுத்தவர்கள் 64 பேர், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 48 பேர். அந்த 48 பேரில் ஹீமோகுளோபின் போதாதவர்கள் 31, உடல் எடை 45 கிலோவுக்குக் குறைந்தவர்கள் 9, சாப்பிடாமல் வந்தவர்கள் 8. ஹீமோகுளோபின் போதாத 31 பேரில் 27 பேர் மாணவிகள்.

முதலில் கூட்டிப் பார்க்கச் செய்யுங்கள். இங்கே கணக்குச் சரியாக வருகிறது. மெய்யான முகாம்களில் பல நேரம் வராது, அப்போது மீண்டும் போய்க் கேட்க வேண்டும். அடுத்து, “மூன்றில் இரு பங்கினருக்கு ரத்தம் போதவில்லை” என்று ஒருவர் எழுதுவார். 31 என்பது திருப்பி அனுப்பப்பட்ட 48 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. வந்த 112 பேரிலோ கால் பங்கைச் சற்றுத் தாண்டுகிறது. எதில் எத்தனை என்று சொல்லாத விழுக்காட்டை ஆசிரியர் குழு ஏற்கக் கூடாது.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர் ஆர்வ மிகுதியில் “27 மாணவிகளுக்கு ரத்தசோகை” என்று தலைப்பிடுவார். அது தவறு. இந்தியாவில் ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையோ 12 கிராமுக்குக் கீழ். 12.2 கிராம் உள்ள மாணவி ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் அவருக்கு ரத்தசோகை இல்லை. போதாக்குறைக்கு, மயில்துத்தச் சோதனை எண் எதையும் தருவதில்லை. போதும், போதாது என்று மட்டுமே அது சொல்லும். ஆகவே அந்த 27 பேரில் எவருக்கு ரத்தசோகை என்று முகாமில் இருந்த யாராலும் சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இதைப் பின்னணியாகச் சேர்க்கலாம்; ஆனால் முகாம் கணக்கையும் ஆய்வுக் கணக்கையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்பட்டதுபோல் காட்டக் கூடாது.

படி 5: எழுதுதல்

முக்கியமானதை முதலிலும் அதற்கடுத்ததைப் பின்னும் வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு முறையை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. தமிழில் அதைச் செய்யும்போது ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஆறு கேள்விகளுக்கும் விடையை முதல் வாக்கியத்திலேயே திணித்தால், என்ன நடந்தது என்று அறிய வாசகர் நாள், இடம், அமைப்பு, பதவி எல்லாவற்றையும் கடந்து வர வேண்டியிருக்கும். எனவே முதல் பத்தியை இரண்டு வாக்கியங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள்:

“ரத்தம் கொடுக்க வந்த 112 மாணவர்களில் 48 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் 31 பேருக்கு ஹீமோகுளோபின் போதிய அளவில் இல்லை என்று, புதன்கிழமை கல்லூரியில் முகாம் நடத்திய ரத்த வங்கி மருத்துவர் தெரிவித்தார்.”

இதன் பிறகு 27 பேர் மாணவிகள் என்பது, மருத்துவரின் விளக்கம், மாணவி ஒருவரின் கூற்று, ஆய்வுப் பின்னணி என்று வரிசையாக அமையலாம். முதல்வர் முகாமைத் தொடங்கி வைத்தது கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வரட்டும். இது மனக்கசப்பை உண்டாக்கும் என்று அஞ்சுபவர்கள், முதல்வரிடம் கருத்துக் கேட்டு அதை இரண்டாம் பத்தியிலேயே சேர்க்கலாம். அவருக்கும் அது பிடிக்கும், செய்திக்கும் பயன் உண்டு.

கூற்று வினைகளில் கவனம் தேவை. “என்றார்”, “கூறினார்”, “தெரிவித்தார்” ஆகியவை நடுநிலையானவை. “ஒப்புக்கொண்டார்” என்றால் அவர் முன்பு மறைத்தார் என்றாகிவிடும். “குற்றம் சாட்டினார்” என்றால் குற்றம் சாட்டப்பட்டவரின் விடையும் வேண்டும். “கூறப்படுகிறது”, “தெரிகிறது” ஆகிய இரண்டையும் முதல் ஆண்டு முழுவதும் தடை செய்துவிடுங்கள். கூறியவர் யார் என்று கேட்டால், பல நேரம் ஒருவரும் இருக்கமாட்டார். “என்றார்” என்பதிலேயே மரியாதை அடங்கியிருப்பதால், “அவர்கள்” என்ற ஒட்டும் வேண்டியதில்லை.

படி 6: எதை வெளியிடக் கூடாது

திருப்பி அனுப்பப்பட்ட மாணவியின் பெயரை, அவரே விரும்பினாலன்றி, வெளியிடக் கூடாது. அது அவருடைய உடல்நலச் செய்தி. துறையையும் ஆண்டையும் சேர்த்துப் போட்டால் பெயர் போடாமலேயே ஆளை அடையாளம் காட்டிவிட முடியும் என்பதையும் விளக்குங்கள். முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பாலியல் குற்றத்துக்கு ஆளான சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் எந்த வயதினராயினும் அடையாளத்தை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம்.

வளாகத்தில் தற்கொலை நிகழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். நிகழ்ந்த பிறகு நிதானமாகப் பேச நேரம் இருக்காது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் ஏற்ற வழிகாட்டுதல்களின்படி, முறையை விவரிப்பதும், ஒற்றைக் காரணத்தைச் சுமத்துவதும், பரபரப்பான தலைப்பிடுவதும் கூடாது. உதவி எண்ணான 104 அந்தச் செய்தியோடு வர வேண்டும்.

படி 7: படமும் பக்கமும்

குத்துவிளக்குப் படத்தையும் சால்வைப் படத்தையும் தவிர்த்து, பரிசோதனை மேசையின் நீலக் குவளையை எடுக்கச் சொல்லுங்கள். அதில் முகம் தெரியாததால் ஒப்புதல் சிக்கலும் இல்லை. ஆட்கள் உள்ள படமாயின், இடமிருந்து வலமாகப் பெயர்களைத் தலைப்பெழுத்துடன் அவர்களிடமே எழுதி வாங்க வேண்டும். ஒரே துறையில் மூன்று பிரியாக்கள் இருப்பார்கள். ஏ3 தாள் ஒன்றை மடித்தால் நான்கு பக்க இதழ் கிடைக்கும். முதல் இதழுக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எல்லாரும் யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும்.

படி 8: உங்கள் இடம் எது?

பிலிப்பைன்ஸ் நாட்டில் வளாக இதழியலுக்கென்றே 1991-இல் குடியரசுச் சட்டம் 7079 இயற்றப்பட்டது. இதழின் கொள்கையை மாணவர் ஆசிரியர் குழுவே முடிவு செய்யும். பொறுப்பாசிரியர் தொழில்நுட்ப வழிகாட்டுதலோடு நிற்க வேண்டும். எழுதிய கட்டுரையை மட்டும் காரணம் காட்டி மாணவரை நீக்கவோ இடைநீக்கம் செய்யவோ முடியாது என்று அது சொல்கிறது. இதற்கு நேர்மாறாக, மாணவியர் கருவுறுதல், பெற்றோர் மணவிலக்கு ஆகியவை பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கிய ஹேசல்வுட் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. பிலிப்பைன்ஸில் உள்ளது போன்ற சட்டம் நமக்கு இல்லை. ஆகவே முதல் இதழுக்கு முன்பே முதல்வருடன் ஒரு பக்க உடன்பாட்டை எழுத்தில் செய்துகொள்ளுங்கள்: அச்சுக்கு முன் யார் படிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், ஒரு செய்தியை நீக்கச் சொன்னால் காரணத்தை எழுதித் தருவார்களா, தவறு நேர்ந்தால் திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும் என்பவை அதில் இருக்கட்டும்.

மாணவரின் கட்டுரையை நீங்களே மாற்றி எழுதிவிட வேண்டாம். ஓரத்தில் கேள்வியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

முதல் இதழ் வெளிவந்தவுடன் தொடர்ச்செய்திக்கான வேலையைப் பிரித்துக் கொடுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு எண் தரும் முழுப் பரிசோதனைக்குக் கல்லூரி ஏற்பாடு செய்ததா என்று ஒருவர் கேட்கட்டும். விடுதியின் வாராந்தர உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு இன்னொருவர் சத்துணவியல் துறைப் பேராசிரியரிடம் போகட்டும். மூன்றாமவர், சென்ற ஆண்டு முகாம்களில் எத்தனை பேர் என்னென்ன காரணங்களால் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதட்டும். அதற்குக் கட்டணம் 10 ரூபாய். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் விடை தர வேண்டும் என்பது சட்டம். விடை வந்து சேரும் நாளைக் கணக்கிட்டு இரண்டாம் இதழின் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.