பழைய லென்ஸில் துல்லியமான ஃபோகஸ்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகை அள்ளும் கைகளை கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 மேனுவல் லென்ஸால் எடுத்த என் முதல் படங்களில் பூக்குவியல் கூர்மையாகவும் விரல்கள் மங்கலாகவும் விழுந்திருந்தன. அங்கே கேமராத் திரையில் பார்த்தபோது எனக்கு அது புலப்படவில்லை. 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் இந்த லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) 1 மீட்டர் தொலைவில் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. அந்த 4 செ.மீ.க்குள் விரலை நிறுத்துவது பழகினால் கைவரும் காரியம்தான்.

முதலில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில், அதைப் பார்வைக்கேற்பச் சரிசெய்யும் டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி, எதிரிலுள்ள காட்சியை அல்ல, வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களைப் பார்த்து, அவை தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவர்கள் படமெடுக்கும்போது அணிந்திருப்பார்கள் என்றால், இதைச் செய்யும்போதும் அணிந்திருக்க வேண்டும்.

கண்ணாடி வழியே வியூஃபைண்டரில் காட்சியைக் காட்டும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பழைய ஃபிலிம் கேமராக்களில் காட்சியை இரண்டாக வெட்டிக் காட்டி, ஃபோகஸ் சரியானதும் ஒன்றுசேர்க்கும் பட்டகம் வியூஃபைண்டர் திரையின் நடுவில் இருந்தது. இன்றைய வியூஃபைண்டர் திரைகளில் அது பெரும்பாலும் இல்லை. மேலும் அவை வெளிச்சத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், எஃப் 1.8இல் லென்ஸ் திறந்திருந்தாலும் கண்ணுக்கு ஏறத்தாழ எஃப் 2.8இன் கூடுதல் ஆழத்தையே காட்டுகின்றன. கண் சரியென்று சொல்வதைப் படம் மறுப்பது இதனால்தான். ஃபோகஸ் சேரும்போது வியூஃபைண்டரில் எரியும் சிறு புள்ளியும் ஒரே இடத்தில் எரிந்து அணைவதில்லை. வளையத்தின் சிறிது தூரம் முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே அது எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் கண்டு, இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். பொருள் அசையாததாக இருந்தால் முக்காலியில் வைத்து, பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், காட்சியைப் பெரிதாக்கும் வசதியை விரலுக்கு எட்டும் ஒரு பட்டனில் அமைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கூர்மை வரும் இடத்தோடு நிறுத்திவிடாமல், அதைத் தாண்டி மங்கத் தொடங்கும்வரை சென்று, பின் மெல்லத் திரும்பி வாருங்கள். உச்சக் கூர்மை எதுவென்று கண் ஒப்பிட்டே அறிகிறது. கேமராவுக்குள் அதிர்வுக் குறைப்பு இருந்தால் லென்ஸின் குவியத் தூரத்தை (50 மி.மீ. போன்ற எண்) மெனுவில் கையால் பதிவுசெய்யுங்கள். மின்தொடர்பு இல்லாத லென்ஸின் அளவைக் கேமராவால் தானாக அறிய முடியாது.

கூர்மையான இடங்களை நிறத்தால் காட்டுவதாகச் சொல்லும் ஃபோகஸ் பீக்கிங் வசதியை நான் முழுதாக நம்புவதில்லை. அது ஃபோகஸை அளப்பதில்லை. ஒளிமாறுபாடு மிகுந்த விளிம்புகளுக்கு நிறமூட்டுகிறது, அவ்வளவே. மல்லிகைக் குவியலில் ஒரு சாண் ஆழத்துக்கு எல்லா மொட்டுகளும் சிவந்து மின்னும். எனவே பீக்கிங்கின் உணர்திறனைக் குறைவாக வைத்து, ஏறத்தாழ இடம் கண்டபின் பெரிதாக்கி முடியுங்கள். பிடிக்கத் தெளிவான விளிம்பு ஒன்றையும் தேடுங்கள்: சுங்குடிச் சேலையில் வெறும் துணியைவிட வெள்ளைப் புள்ளியின் ஓரமும், முகத்தில் கன்னத்தைவிட இமைமயிரும் எளிதில் பிடிபடும்.

பெரிய ஒளித்துளை கொண்ட சில லென்ஸ்களில் அபெர்ச்சரைச் சுருக்கும்போது கூர்மைத் தளமே சற்று நகர்ந்துவிடும். அதனால் எஃப் 4 வரை, எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்வது என் வழக்கம். அதைவிடச் சுருக்கினால் காட்சி இருண்டு, எல்லாமே கூர்மைபோலத் தோன்றும் என்பதால், திறந்து ஃபோகஸ் செய்து பின் சுருக்குகிறேன். கண்ணில் ஃபோகஸ் செய்தபின் கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை மாற்றாதீர்கள்; பெரிதாக்கும் கட்டத்தையே கண்ணின்மேல் நகர்த்துங்கள். மிக அருகில் எடுக்கும்போது வளையத்தைத் தொடாமல் உடலை இம்மியளவு முன்பின்னாக அசைத்து மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது தேறும்.

தொலைக் காட்சிக்கு வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் போதும் என்று எண்ண வேண்டாம். பழைய லென்ஸைக் கேமராவில் பொருத்த உதவும் அடாப்டர்கள் பல, முடிவிலியை (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் இடம்) தாண்டியும் வளையம் செல்லுமாறு சற்றே மெல்லியதாகச் செய்யப்படுகின்றன. காலை வெயிலில் யானைமலையின் பாறை விளிம்பு வானத்தைத் தொடும் கோட்டைப் பெரிதாக்கிச் சரியான இடத்தைக் கண்டு, வளையத்தில் சிறு ஒட்டுத்தாளால் குறித்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் இதைச் செய்யாதீர்கள். கானல் அலையில் எந்த ஃபோகஸும் கூர்மையாகத் தெரியாது.

மாசி வீதியில் சித்திரைத் தேர் வரும்போது பெரிதாக்கிப் பார்க்க நேரம் கிடைக்காது. அப்போது 28 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து தொலைவு முழுதும் ஏற்கத்தக்க கூர்மையோடு விழும், அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.சி. சென்சாரில் 5 மீட்டரில் நிறுத்தினால் 2.5 மீட்டரிலிருந்து கிடைக்கும். ஒவ்வொரு எஃப் எண்ணுக்கும் கூர்மை எதுவரை என்று காட்ட லென்ஸில் பொறித்த ஆழக்கோடுகள் ஃபிலிம் காலத்து அளவுகோலுக்கானவை; பெரிய அளவில் அச்சிடுவதானால், எஃப் 8இல் எடுக்கும்போது எஃப் 5.6இன் கோடுகளைப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் அந்த எல்லைக்குள் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள்.