பிராட்டர் போகிறீர்களா? ராட்டினத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வியன்னாவுக்கு வருகிற பலர் பிராட்டர் பூங்காவுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். பிராட்டர்ஸ்டெர்ன் நிலையத்தில் இறங்கி, ராட்சத ராட்டினத்தின் முன் நின்று படம் எடுத்து, ஒரு சுற்று போய்விட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத தவறு இதுதான். ராட்டினமும் விளையாட்டுகளும் பிராட்டரின் ஒரு முனை மட்டுமே. அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்த இடத்தை 1766-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அந்தப் பசுமை ராட்டினத்துக்குப் பின்னால் இன்றும் விரிந்து கிடக்கிறது.

அதன் நடுவே ஹாப்ட்அல்லே என்ற சாலை நூல் பிடித்தாற்போல் 4.4 கிலோமீட்டர் ஓடுகிறது. இரு பக்கமும் செஸ்நட் மரங்கள். கார்கள் வராது. மே மாதத் தொடக்கத்தில் போனால் கிளைகளில் வெள்ளைப் பூங்கொத்துகள் விளக்கேற்றி வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 2019-ல் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தது இங்கேதான். ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் எந்நேரமும் இருப்பார்கள், அதனால் சாலையை அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். கால் வலித்தால் முழுத் தூரமும் திரும்பி நடக்க வேண்டியதில்லை. ஸ்டேடியம் பக்கம் ஒதுங்கினால் மெட்ரோ இருக்கிறது.

அப்புறம், நுழைவுச்சீட்டு கவுண்டரைத் தேடி அலையாதீர்கள். பூங்காவுக்குள் போகக் கட்டணமே கிடையாது. விளையாட்டுகள் பல தனித்தனி உரிமையாளர்களுடையவை, அங்கங்கே பணம் கட்ட வேண்டும். குழந்தைகள் கைகாட்டும் எல்லாவற்றிலும் ஏறினால் செலவு கையைக் கடிக்கும். முதலில் ஒரு முறை சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ரொக்க யூரோவும் வைத்திருங்கள். 1928 முதல் ஓடும் லிலிபுட் குட்டி ரயிலைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட வேண்டாம். வயதானவர்களோடு போனால் மரங்களுக்கிடையே சுற்றிக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

குளிர்காலத்தில் போகிறவர்கள் ஏமாந்து நிற்பதுண்டு. பெரும்பாலான விளையாட்டுகள் மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான். ராட்டினம் குளிரிலும் சுற்றும்.

சரி, அந்த ராட்டினத்தில் ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகத்தை எதிர்பார்த்து ஏறாதீர்கள், அவ்வளவுதான். 1897-ல் எழுப்பியது, உயரம் ஏறத்தாழ 65 மீட்டர், ஆட்களை ஏற்றி இறக்க நின்று நின்றுதான் நகரும். ஏறும் முன் கீழே நின்று பெட்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதலில் 30 பெட்டிகள் இருந்தன. 1944-ல் போரில் எரிந்தபின், திரும்பக் கட்டியபோது 15 மட்டுமே மாட்டினார்கள். விட்டுப்போன இடங்கள் இன்னும் காலியாகவே சுற்றுகின்றன.