முப்பதா, முப்பத்தைந்தா? இணையத்தில் வரலாற்றைச் சரிபார்க்கும் விதம்

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன வருடம் ஏழாம் வகுப்பில் சோழர் பாடம். குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்லி, உத்திரமேரூர் ஊர்ச்சபையின் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு வர 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க அப்பா போன்ல பார்த்தேன். அதுல 30லேருந்து 60ன்னு போட்டிருக்கு. எது சரி?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதுதான் சரி என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குப் பதில் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் ஆயின. அந்த மூன்று இரவில் நான் பழகிக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு எந்தக் காலத்து வரலாற்றுக்கும் இதே வழி பொருந்தும்.

முதல் இரவு எல்லோரையும் போலத்தான் தேடினேன். தமிழில் பத்துப் பதினைந்து பக்கங்கள் வந்தன. படிக்கப் படிக்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் இருந்த எழுத்துப்பிழை அடுத்த பக்கத்திலும் அப்படியே இருந்தது. இப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அதே வாக்கியம் எத்தனை இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்துப் பேர் ஒரே ஆளிடம் கேட்டு வந்து சொன்னால் அது ஒரு சாட்சிதான், பத்துச் சாட்சி ஆகாது.

அப்புறம் அந்தப் பக்கங்களை இரண்டாகப் பிரித்தேன். "கல்வெட்டு கூறுகிறது" என்று மட்டும் சொல்பவை ஒரு பக்கம். எந்தக் கல்வெட்டு, யாருடைய காலம், எந்த நூலில் அச்சாகியிருக்கிறது என்று சொல்பவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகையில் மூன்றே மூன்றுதான் தேறின. அதில் ஒன்று விக்கிப்பீடியா. விக்கிப்பீடியாவைப் பார்க்காதே என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கு என்றுதான் சொல்வேன். மேலே இருக்கும் கட்டுரையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். கீழே காட்டியிருக்கும் நூலை அப்படி மாற்ற முடியாது. நம்பகமான தளம் எது என்று என்னைக் கேட்டால், நான் அடுத்த படிக்கு இறங்க வழிகாட்டும் தளம்தான். வழியே காட்டாமல் முடிவை மட்டும் சொல்லும் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

இரண்டாம் இரவு அந்த அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவை சோழர் வரலாற்றை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியிடம் கொண்டு சேர்த்தன. அவருடைய அடிக்குறிப்பு இன்னும் கீழே, இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கைக்குக் கொண்டுபோனது. அதில் கல்வெட்டு ஆய்வாளர் வி. வெங்கையா உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஆண்டறிக்கை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை.

ஆனால் உடனே கிடைக்கவில்லை. ஏனென்றால் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ஆங்கில அறிக்கையில் ஊரின் பெயர் உத்தரமல்லூர். இது முக்கியமான விஷயம். பழைய ஆவணங்களில் தஞ்சாவூர் டான்ஜோர், திருச்சி டிரிச்சினாப்பொலி, திருநெல்வேலி டின்னவெல்லி, காஞ்சிபுரம் கான்ஜீவரம். கல்வெட்டுக்குள்ளேயே போனால் பெயர் இன்னும் வேறாக இருக்கும். உத்திரமேரூர் அங்கே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். ஆகவே தேட உட்காரும் முன், ஊருக்கும் ஆளுக்கும் எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பழைய நூல்களின் தலைப்பே பல இடங்களில் தப்பும் தவறுமாகப் பதிவாகியிருக்கும். நூலின் பெயரில் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரிலும், அதிலும் கிடைக்காவிட்டால் அச்சான ஆண்டை வைத்தும் தேடுங்கள். ஸ்கேனுக்குள் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடுவது பெரும்பாலும் கைகொடுக்காது. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் பார்ப்பதுதான் வேகம்.

மூன்றாம் இரவு கல்வெட்டின் வாசகத்தையே படித்தேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு. அதில் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டு. சபை மறுபடி கூடி விதியைத் திருத்தியிருக்கிறது. அதில்தான் "எழுபது பிராயத்தின் கீழ் முப்பத்தைந்து பிராயத்தின் மேற்பட்டார்" என்று வருகிறது.

இரண்டும் சரி! மாணவியின் அப்பா போனில் இருந்ததும் பொய்யில்லை, பாடப்புத்தகத்தில் இருந்ததும் பொய்யில்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஊர்ச்சபை தன் விதியை இரண்டே வருடத்தில் மாற்றிக்கொண்ட சேதி, ஒரு சின்னக் குழப்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மூலத்தைப் படித்தால் கூடவே இன்னும் பல கிடைக்கும். ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க, விவரம் எதுவும் அறியாத ஒரு சிறுவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் எடுத்த ஓலையை வாங்கும் மத்யஸ்தன் (சபையின் நடுவர்) ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை எதையும் மறைத்து வைத்துக்கொண்டு மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. இதை வகுப்பில் சொன்னபோது நாற்பது பிள்ளைகளும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

வருடக் கணக்கிலும் ஒரு சங்கதி. கல்வெட்டில் 919 என்றோ 921 என்றோ எழுதியிருக்காது. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்ற பட்டமும் "யாண்டு பதினாலாவது" என்ற ஆட்சியாண்டும்தான் இருக்கும். பராந்தகன் பட்டமேறியது 907 என்று ஆய்வாளர்கள் கணித்து, அதிலிருந்து எண்ணி 919, 921 என்கிறார்கள். ஆகவே ஒரு தளத்தில் ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக இருந்தால் உடனே தப்பு என்று தள்ளிவிட வேண்டாம். எந்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள் என்று பாருங்கள்.

மூலம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது எதைச் சொல்லவில்லை என்றும் பார்க்க வேண்டும். "சோழர் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது" என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். கல்வெட்டில் அப்படி இல்லை. உத்திரமேரூர் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அதாவது பிரமதேயம். வாரியத்துக்கு வர கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அரைக்கால் வேலிதான் இருக்கிறதென்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரையும்) தெரிந்திருக்க வேண்டும். நடந்தது சீட்டுக் குலுக்கல், வாக்கெடுப்பு இல்லை. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கும், கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதிகளைப் படித்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. உள்ளதே இவ்வளவு அழகாக இருக்கும்போது இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்? ஒரு பிரமதேய ஊரின் விதியை வைத்துச் சோழநாட்டு ஊர்கள் எல்லாவற்றையும் அளக்கவும் முடியாது. விதி எழுதியிருப்பதும் அது அப்படியே நடந்ததும் வேறு வேறு.

எங்கே தேடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் அடிக்கடி போகும் இடங்கள் இவை. கல்வெட்டு வாசகங்களுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதி வரிசை. கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ச் பதிப்பித்த முதல் தொகுதி 1890இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் சொல்லும் வரியை அங்கேயே படிக்கலாம். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலக்கிய மூலத்துக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். இலங்கைத் தமிழர் வரலாறு என்றால் நேரே நூலகம் தளத்துக்குப் போய்விடுங்கள், அவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பழஞ்சொல் புரியவில்லையா, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. ஆங்கிலேயர் காலத்து அரசு ஆவணங்களுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற தளம். கீழடி பற்றிப் பேசுவதானால் யூடியூபுக்கு முன்னால் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். சின்ன நூல்தான், படங்களோடு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற தளம். இலவசக் கணக்கு தொடங்கினாலே மாதத்துக்குக் கணிசமாகப் படிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களுக்குத் தேதியும் இடமும்தான் நல்ல சோதனை. மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக, "இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை" என்று ஒரு செய்தி வருடா வருடம் வருகிறது. மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்குப் போய், பிறகு கல்கத்தா சேர்ந்தவர். 1835 பிப்ரவரியில் அவர் இந்தியாவில்தான் இருந்தார். லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்? அந்தத் தேதியில் அவர் எழுதியது கல்விக் குறிப்பு. அதன் முழு வாசகமும் கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. அதில் பிச்சைக்காரன் பேச்சே இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்ற பேச்சு இருக்கிறது. அவரைக் கண்டிக்க அந்த வரியே போதும்.

படங்களுக்கு கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எங்கே வந்தது என்று பாருங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த ராஜராஜன் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அந்தச் செயலிகளிடம் கேள்வி கேட்டாலும் நூலும் பக்க எண்ணும் கேளுங்கள், சொன்ன பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள்.

படித்ததை எழுதி வைக்கும்போது நூல் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் அதே நிமிடம் குறித்துவிடுங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டு, அரை நாள் திரும்பத் தேடியிருக்கிறேன். இணையப் பக்கமானால், பக்கங்களைப் படியெடுத்துச் சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமித்துவிடுவது நல்லது. தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகின்றன.

தொடங்க ஓர் இடம் வேண்டுமென்றால் உங்கள் சொந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். வி. ரங்காச்சார்யா 1919இல் மூன்று தொகுதிகளாக, சென்னை மாகாணத்தில் 1915 வரை தெரியவந்த கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா வாரியாகப் பட்டியலிட்டிருக்கிறார். அதுவும் ஆர்க்கைவில் கிடைக்கிறது. கல்வெட்டு எந்தக் கோவிலில், எந்தச் சுவரில், எந்த அரசன் காலம், எந்த ஆண்டு படியெடுத்தது, அந்த ஆண்டில் எத்தனையாவது எண் என்று சுருக்கமாக இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஆண்டறிக்கைக்கும் வாசகத்துக்கும் போய்விடலாம்.

அன்று கேள்வி கேட்ட மாணவியோடு உட்கார்ந்து அவள் ஊரை அதில் தேடினோம். மூன்று எழுத்துக்கூட்டல் போட்ட பிறகு கிடைத்தது. மகா மண்டபத்தின் தென்சுவர், விளக்கெரிக்க ஆடு கொடுத்த தானம். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பாட்டியோடு கோவிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எழுத்து இருக்கு டீச்சர். பாதிக்கு மேல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க" என்றாள்.