பழைய கார் வாங்குகிறீர்களா? பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள்

மேலூர், காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் அம்பாசடரோ ஃபியட் 1100-ஓ, புதுப் பெயிண்ட் அடித்து விலைக்கு வரும் வண்டியைவிட எனக்கு எப்போதும் மேல், ஏனென்றால் அதில் எது ஒரிஜினல், எது ஒட்டுப்போட்டது என்று கண்ணுக்கே தெரியும். ஆர்சி புத்தகத்தை வைத்து எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் நீங்களே ஒப்பிடுங்கள். எண்ணைத் தேய்த்த தடம் இருந்தால் விலையே பேசவேண்டாம். அப்புறம் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடி விளிம்பில், டிக்கித் தரையில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையா, உள்ளே தகரத்துக்குப் பதில் பூசி மறைத்த பட்டிதான்.

வாங்கியாச்சு, சரி. உடனே பெயிண்டரிடம் ஓடாதீர்கள். பிரேக், வயரிங், பெட்ரோல் ஹோஸ் இவற்றில் மட்டும் ஒரிஜினல்தான் இருக்கவேண்டும் என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கழற்றிய பாகங்களைச் சீட்டு எழுதிச் சாக்கில் கட்டி வையுங்கள், மெக்கானிக் "எதுக்குண்ணே இந்தக் குப்பை" என்பார், கொடுத்துவிடாதீர்கள்.

50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டி என்றால் 2021 விதிப்படி 20,000 ரூபாய் கட்டி, பழங்கால வண்டிகளுக்கான 'விஏ' பதிவெண் வாங்கலாம், 10 ஆண்டு செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக்கூடாது. வாராவாரம் அழகர்கோவில் போய்வரும் ஆசை இருந்தால் சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.