சிறந்த கோல் காப்பாளர் யார், சிறந்த முகாமையாளர் யார்: கோபதாபம் இல்லாமல் பட்டியல் போடும் முறை

கல்லடியில் நாங்கள் ஐந்து பேர். ஐரோப்பியக் காற்பந்துக் கிளப்புகளின் சம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்கு இரவு 12.30க்கோ 1.30க்கோதான் தொடங்கும். அதுவரை கண்விழித்திருக்க வேண்டுமே, பேசிக்கொண்டிருப்போம். எங்கே தொடங்கினாலும் பேச்சு இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கும். போன வருடம் இதே பேச்சில் இரண்டு பேர் முறுகிக்கொண்டு மூன்று கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பந்தடித்தவர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. இதற்கு ஒரு வழி பார்க்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு தரம் பிழையாகப்போய், மூன்றாம் தரம் சரிவந்தது. அதைத்தான் எழுதுகிறேன். ஆட்ட விதிகளை விளக்கவில்லை, அவை உங்களுக்குத் தெரிந்தவை.

என்னென்ன வேண்டும்

சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று, பேனை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆட்கள், ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான்.

எக்செல் வேண்டாம். முதல் தரம் நான் அதில்தான் தொடங்கினேன். கிண்ணங்களுக்கு 40 புள்ளி, கிளீன் ஷீட்டுக்கு (ஒரு கோலும் விடாத ஆட்டம்) 30, பெரிய ஆட்டங்களுக்கு 30 என்று பிரித்தேன். என்ன நடந்தது? ஆட்களைப் பற்றிய சண்டை போய், கிண்ணத்துக்கு ஏன் 40, ஏன் 25 இல்லை என்ற சண்டை வந்தது. வட்ஸ்அப் வாக்கெடுப்பும் வேண்டாம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று அதில் எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டு பேர் போட்டதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அந்தப் பக்கமே சாய்வார்கள். கொப்பி ஒற்றையைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுப்பதுதான் நேர்மையான வழி.

படி 1: கேள்வியை எழுதி வையுங்கள்

“சிறந்த” என்றால் என்ன? ஒருவர் உச்சத்தில் இருந்த இரண்டு மூன்று வருடங்களா, அல்லது முழு ஆட்டக்காலமா? இதைத் தீர்மானிக்காமல் தொடங்கினால், இரண்டு பேர் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு விடிய விடிய வாதாடுவார்கள். ஒலிவர் கானை எடுங்கள். 2001 சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் வலென்சியாவுக்கு எதிராக மூன்று பெனல்டிகளைத் தடுத்தார். 2002 உலகக் கிண்ணத்தில் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாங்கினார், அதை வாங்கிய ஒரே கோல் காப்பாளர் அவர்தான். உச்சத்தைக் கேட்டால் கான் மிக மேலே வருவார். முழுக் காலத்தைக் கேட்டால், இத்தாலிக்காக 176 ஆட்டங்கள் ஆடிய பஃபோன் முன்னுக்கு வருவார். எங்கள் கொப்பியின் மேல்வரியில் “முழு ஆட்டக்காலம்” என்று எழுதி அடிக்கோடு போட்டோம்.

படி 2: 1992இல் ஒரு கோடு போடுங்கள்

அந்த வருடம்தான் பின்பாஸ் விதி மாறியது. தன் அணிக்காரர் வேண்டுமென்று காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றானது. அன்றிலிருந்து கீப்பருடைய வேலையே வேறு. காலால் ஆடத் தெரியாதவருக்கு இன்று பெரிய அணியில் இடமில்லை. ஆகவே அந்தக் காலத்து லெவ் யாஷினையும் பிந்திய காலத்து நொயரையும் ஒரே பட்டியலில் போடுவது இருவருக்கும் அநியாயம். 1963இல் பலோன் தோர் (வருடத்தின் சிறந்த வீரர் விருது) வென்ற யாஷின், 1970இல் பேலே தலையால் முட்டிய பந்தைத் தடுத்த கோர்டன் பேங்ஸ், 40 வயதில் தலைவராக நின்று 1982 உலகக் கிண்ணத்தைத் தூக்கிய டினோ சோஃப், இவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். (டென்மார்க் 1992 யூரோவை வென்றது பழைய விதியில். பின்பாஸை டென்மார்க்கின் கீப்பர் ஷ்மைக்கல் கையால் எடுத்து எடுத்து நேரம் கடத்துவதை அந்த இறுதிப்போட்டிக் காணொளியில் இன்றும் பார்க்கலாம். அவர் விளையாடியதில் பெரும்பகுதி புதிய விதியில் என்பதால் அவரை இரண்டாவது பட்டியலில் வைத்தோம்.)

படி 3: எட்டுப் பேர், அதற்கு மேல் வேண்டாம்

நாங்கள் எடுத்தவர்கள்: ஷ்மைக்கல், கான், பஃபோன், கஸியாஸ், வான் டர் சார், செக், நொயர், கோர்ட்வா.

படி 4: கிளீன் ஷீட்டை எண்ண வேண்டாம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஏழெட்டு வருடம் கீப்பராக நின்றவன். வெபர் மைதானத்தில் ஒரு ஆட்டம், எங்கள் பின்வரிசை அன்று மலை மாதிரி நின்றது. தொண்ணூறு நிமிடத்தில் என் கைக்குப் பந்து வந்தது மூன்றே தரம். அதில் ஒன்று வெளியே போகவிருந்த பந்து, சும்மா குனிந்து எடுத்தேன். கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். அடுத்த கிழமை பின்வரிசையில் இரண்டு பேர் இல்லை. நாலு கோல் விழுந்தது. ஆனால் அன்று நான் தடுத்தவை ஒன்பது. இரண்டு கையுறையின் உள்ளங்கையும் கிழிந்து, தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. எது நல்ல ஆட்டம் என்று என் கைக்குத் தெரியும்.

இதையே பெரிய ஆட்களுக்குப் போட்டுப் பாருங்கள். 2004-05இல் செல்சி 38 லீக் ஆட்டங்களில் விட்டது 15 கோல்தான், செக்குக்கு 24 கிளீன் ஷீட். அருமையான கீப்பர், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணில் பின்வரிசையில் நின்ற டெரிக்கும் கர்வால்யோவுக்கும் முன்னால் நின்ற மகலேலேக்கும் பங்கு இருக்கிறது. 2006 உலகக் கிண்ணத்தில் பஃபோன் விட்டது இரண்டே கோல்: ஒன்று சொந்த அணிக்காரர் போட்டது, மற்றது ஸிடேனின் பெனல்டி. அங்கேயும் அவருக்கு முன்னால் நின்ற கன்னவாரோ அந்த வருடம் பலோன் தோரே வென்றார்.

அப்போ எதைப் பார்ப்பது? அண்மைய வருடங்களுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அடித்த பந்து எந்த மூலைக்கு எப்படிப் போகிறது என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் சராசரிக் கீப்பர் எத்தனை கோல் விட்டிருப்பார் என்று வரும். உண்மையில் விட்ட கோல்களை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது அந்தக் கீப்பர் காப்பாற்றியது. ஆனால் ஷ்மைக்கல் காலத்துக்கு இந்தக் கணக்குக் கிடைக்காது. அதனால் நாங்கள் ஒரு எளிய வழி வைத்தோம். ஒவ்வொருவருக்கும் “இவர் இல்லையென்றால் தோற்றிருப்பார்கள்” என்று சொல்லக்கூடிய மூன்று ஆட்டங்களை எழுத வேண்டும். கோர்ட்வாவுக்கு 2022 சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி ஒன்றே போதும்: லிவர்பூலின் ஒன்பது அடிகளைத் தடுத்தார், ரியல் மட்ரிட் 1-0. கஸியாஸுக்கு 2010 உலகக் கிண்ண இறுதிப்போட்டி. தனியாக ஓடிவந்த ரோபென் அடித்த பந்தைக் காலால் தட்டிவிட்டாரே, அது. நொயருக்கு 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுடனான ஆட்டம். பெனல்டிப் பெட்டிக்கு வெளியே வந்து வந்து பின்வரிசைக்காரரின் வேலையையும் சேர்த்துச் செய்தார்.

படி 5: இரண்டிரண்டு பேராக ஒப்பிடுங்கள்

எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்தச் சொன்னால் மூளை களைத்துவிடும். இரண்டு பேரைக் காட்டி “இவரா அவரா” என்று கேட்டால் யாரும் பதில் சொல்லலாம். எட்டுப் பேருக்கு 28 சோடிகள் வரும். ஒவ்வொருவரும் தன் ஒற்றையில், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல், ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்குப் புள்ளடி போட வேண்டும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்தது. ஒவ்வொரு சோடியிலும் பெரும்பான்மை யாருக்கு என்று பார்த்து, வென்றவருக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். பஃபோன், கஸியாஸ், நொயர் மூவருக்கும் எங்களுக்கு வந்தது இது:

பஃபோன் - கஸியாஸ்: 3க்கு 2, பஃபோன்.
கஸியாஸ் - நொயர்: 4க்கு 1, கஸியாஸ்.
நொயர் - பஃபோன்: 3க்கு 2, நொயர்.

வட்டமாகச் சுற்றுகிறது. கஸியாஸை பஃபோன் வெல்கிறார், நொயரை கஸியாஸ் வெல்கிறார், பஃபோனை நொயர் வெல்கிறார். யாரோ பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து எல்லா ஒற்றைகளையும் திரும்ப எண்ணினேன். பிழை ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் தெளிவாக யோசித்துப் போட்டாலும், கூட்டாகச் சேரும்போது இப்படி வட்டம் விழலாம். கொந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

தீர்வு எளிது: வெற்றியை எண்ணாமல் வாக்குகளை எண்ணுங்கள். கஸியாஸுக்கு 2+4=6. பஃபோனுக்கு 3+2=5. நொயருக்கு 1+3=4. வரிசை வந்துவிட்டது. 4க்கு 1 என்று வென்றதும் 3க்கு 2 என்று வென்றதும் ஒன்றல்ல என்பதையும் இந்தக் கணக்கு மதிக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி: ஐந்து பேர், 28 சோடிகள் என்றால் எட்டுப் பேருடைய மொத்தமும் சேர்ந்து 140 வரவேண்டும். 139 வந்தால் யாரோ ஒரு சோடியை விட்டிருக்கிறார்.

படி 6: முகாமையாளர்கள்

முறை அதேதான். ஆனால் கிளப் வேறு, நாட்டு அணி வேறு. ஆண்கள் உலகக் கிண்ணத்தை இரண்டு தரம் (1934, 1938) வென்ற ஒரே பயிற்றுவிப்பாளர் இத்தாலியின் விட்டோரியோ பொஸ்ஸோ. அவரை மன்செஸ்டர் யுனைட்டட் கிளப்பின் அலெக்ஸ் பெர்குசனோடு ஒப்பிட வழியே இல்லை. இன்னொன்று, இங்கிலாந்தில் அந்தக் காலத்து முகாமையாளர் ஆட்களை வாங்குவது விற்பதுவரை எல்லாம் பார்த்தார். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதற்குப் பெரும்பாலும் வேறு ஆள் இருப்பார்.

புள்ளடி போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் என்ன கிடைத்தது, அதை எங்கே கொண்டுபோனார்? பிரையன் க்ளஃப் 1975இல் பொறுப்பெடுத்தபோது நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் இரண்டாம் பிரிவில் இருந்தது. 1977இல் மேலே ஏறி, 1978இல் லீக் வென்று, 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை (இன்றைய சம்பியன்ஸ் லீக்) எடுத்தார்கள். பெர்குசன் 1986இல் வந்தபோது யுனைட்டட் லீக் வென்று 19 வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முதல் லீக் கிடைத்தது 1993இல், போகும்போது 13. அன்செலோட்டி ஐந்து நாடுகளில் லீக் வென்றவர், ஐந்து சம்பியன்ஸ் லீக் எடுத்தவர். ஆனால் அவர் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெரிய அணிகள். என் ஒற்றையில் க்ளஃப்தான் முதல். எங்கள் ஐவரின் மொத்தத்தில் பெர்குசன் முதலாவது. அன்று பேசாமல் இருந்த இருவரும் கொப்பியின் மேல் தலையை முட்டிக்கொண்டு கூட்டல் சரியா என்று பார்த்தார்கள்.

பின்சேர்க்கை 1: ஒருவர் ஒரு வீரரைப் பார்த்ததே இல்லையென்றால் என்ன செய்வது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்தச் சோடியை வெறுமையாக விடச் சொல்லாதீர்கள், மொத்தக் கணக்கு குழம்பும். இரண்டு பக்கத்துக்கும் அரை அரை போடச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: பெண் கீப்பர்கள் எங்கே என்று கல்முனையிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். அவர் கேட்டது முழுக்கச் சரி, நாங்கள் யோசிக்கவே இல்லை. ஜெர்மனியின் நடீன் அங்கெரர் 2007 உலகக் கிண்ணத்தில் ஒரு கோல்கூட விடவில்லை, இறுதிப்போட்டியில் மார்த்தாவின் பெனல்டியையும் தடுத்தார். 2013இல் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. புதிய பக்கத்தில் முதல் பெயராக அவரை எழுதியிருக்கிறோம். இன்னும் ஏழு பெயர் வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவர்களை அவர்களுடைய மூன்று ஆட்டங்களோடு எழுதி அனுப்புங்கள்.